பிரேக் மேல் வைத்த கால்

மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் காரின் முன்சக்கர பிரேக் பேடுகள் இரண்டாவது முறையாகத் தேய்ந்து போயிருந்தன. அடுகோடியில் ஒரு சந்துக்குள் கடை வைத்திருக்கும் மெக்கானிக், சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பிரேக்கை மிதிக்கும்போது, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது அந்தப் பேடுதான். புதிதாக இருக்கும்போது விரல் தடிமன் இருக்குமாம். எங்களுடையது அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. தட்டின் மேல் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. சூடு ஏறி ஏறி வந்த நிறம் என்றார்.

போன தடவை அவர் வேறு காரணம் சொல்லியிருந்தார். பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் சிக்கிக்கொண்டு விட்டது, அதனால்தான் தேய்கிறது என்று சுத்தம் செய்து கிரீஸ் போட்டு அனுப்பினார். பார்ட்ஸ் கடையில் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒரு சந்தேகமும் அவருக்கு இருந்தது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்ததும் அந்தக் காரணங்களின் மேல் அவருக்கே நம்பிக்கை போய்விட்டது.

"வண்டிய யாரு மேடம் ஓட்றது?" என்று கேட்டார்.

என் மாமனார் என்றேன்.

"கால பிரேக் மேலயே வெச்சினு ஓட்றாரு போல. கேட்டுப் பாருங்க."

நான் நம்பவில்லை. மாமனார் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்து ரிட்டையர் ஆனவர். எந்தப் பொருளையும் தேய விடாதவர். மேம்பாலத்தில் இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கக் கூடாது, கியரைக் குறைத்து இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி விட வேண்டும் என்று என் கணவருக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். தண்ணீர் தேங்கிய ரோட்டைத் தாண்டி வந்தால், மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை இரண்டு தடவை லேசாகத் தொட்டு ஈரத்தை உலர்த்திவிட்டுத்தான் மேலே போவார். முன்னால் போகும் வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவில் அவர் விடுகிற இடைவெளியில் ரெண்டு ஆட்டோ நுழைந்துவிடும். அதற்கும் அவர் கோபப்பட்டதில்லை. இப்படிப்பட்ட மனிதர் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார் என்றால் எப்படி நம்புவது?

ஆனால் புதுப் பேடு போட்டுக்கொண்டு கடையிலிருந்து வெளியே வரும்போது வேறு ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. பிரேக்கை மிதித்தால் வண்டியின் பின்னால் எரியும் சிவப்பு பல்பும் அந்த வருடம் அடிக்கடி ஃபியூஸ் போனது. பல்பு மாற்றியதையும் பேடு மாற்றியதையும் அதுவரை நான் சேர்த்து யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை.

எங்கள் வீட்டில் அப்போது எல்லோரும் களைத்துப் போயிருந்தோம். அத்தைக்கு, என் மாமியாருக்கு, சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். கணவருக்குச் சென்னைக்கு மாற்றலாகி, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுவார். நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. காலையில் அத்தைக்கு உப்பில்லாமல் தனிச் சமையல், எங்களுக்கு வேறு சமையல், குடிக்கிற தண்ணீரை அளந்து வைப்பது, அப்புறம் மெட்ரோ, ஆபீஸ், திரும்பி வந்து மறுபடியும் அடுப்பு. அல்சூரில் எங்கள் வீட்டிலிருந்து ஓசூர் ரோட்டுப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு போவதும் வருவதும் மட்டும் என் தலையில் இல்லை. அதை மாமா பார்த்துக்கொண்டார். அவர்கள் கிளம்பிப் போனதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் மெட்ரோவுக்கு நடக்கும் அந்தக் கொஞ்ச தூரம்தான் எனக்கு ஓய்வு.

மெக்கானிக் சொன்னதை மாமாவிடம் நேரடியாகக் கேட்க மனம் வரவில்லை. கேட்டால் முகம் சுருங்கிவிடும். அதனால் டாக்டரிடம் பேச வேண்டியிருக்கிறது, நானும் வருகிறேன் என்று சொல்லி, அடுத்த டயாலிசிஸ் நாளில் லீவு போட்டுவிட்டுப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அத்தை, எதுக்கும்மா உனக்கு அலைச்சல் என்று இரண்டு முறை சொன்னார்.

போகும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அத்தை முன் சீட்டில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். வீட்டில் அவர் அவ்வளவு பேச மாட்டார். ஒரு ஆட்டோக்காரன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடுக்கி வைத்துக்கொண்டு வருகிறான் என்றார். இளநீர் வண்டி பாதி ரோட்டில் நிற்கிறது என்றார். பைக்கில் போகிற ஒருவன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசுகிறான், அவன் தலையெழுத்து என்றார். பஸ்ஸிலிருந்து ஒரு கிழவி இறங்குகிறாள், பால் வேன் ரிவர்ஸ் எடுக்கிறான். மாமா 'ம்' கொட்டிக்கொண்டே ஓட்டினார். பொழுது போவதற்காகப் பேசுகிறார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி சீராகப் போனது. அந்த மெக்கானிக் காரணம் தெரியாமல் எங்கள் வீட்டு மனிதர் மேல் பழி போடுகிறார் என்றுகூடத் தோன்றியது.

டயாலிசிஸ் முடிந்து அத்தையைத் தள்ளுநாற்காலியில் வெளியே கொண்டு வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. காலையில் போன மனுஷியாக அவர் இல்லை. முகம் வற்றியிருந்தது, வார்த்தை வரவில்லை. முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டியதும், தலையைச் சாய்த்து அப்படியே தூங்கிப்போனார். எப்போதும் இப்படித்தான், வீட்டு வாசல் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள் என்று மாமா மெதுவாகச் சொன்னார்.

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. அது உருளவே இல்லை, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது மாதிரி திணறித் திணறிப் போனது. முன் சீட்டுகளுக்கு நடுவில் எட்டிப் பார்த்தேன். மாமாவின் வலது கால் ஆக்சிலேட்டரை ஒரு தடவை தொடும், உடனே பிரேக்குக்கு வந்துவிடும். வந்தால் அங்கேயே இருக்கும். முன்னால் ரோடு காலியாக இருந்தபோதும் கால் அங்கிருந்து நகரவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, பக்கத்தில் வந்து முறைத்துவிட்டுப் போனார்கள். அவர் திரும்பவில்லை. காது நுனியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

என்ன மாமா, உடம்புக்கு முடியலையா என்று கேட்டேன். ஒண்ணும் இல்லம்மா, வெயிலு என்றார்.

மேம்பாலம் ஏறும்போது ஒரு வாடை வந்தது. ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுவது போன்ற வாடை. முன்னால் போகும் லாரியிலிருந்து வருகிறது என்று கண்ணாடியை ஏற்றினேன். வாடை போகவில்லை. பாலத்தின் உச்சியைத் தாண்டி வண்டி இறங்க ஆரம்பித்ததும் மாமா ஒரு முறை காலைத் தூக்கி மறுபடி மிதித்தார். திரும்பவும் மிதித்தார். அவர் முட்டி வழக்கத்தைவிடக் கீழே போவது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது.

அவர் கத்தவில்லை. கியரைக் குறைத்தார். இன்ஜின் பெரிதாக உறுமியது, வண்டி கொஞ்சம் அடங்கியது. பெடலை மறுபடி மறுபடி வேகமாக மிதித்துக்கொண்டே, இடது கையை நீட்டி அத்தையின் முழங்கையைத் தட்டினார்.

"இந்தா, எழுந்திரு. லெஃப்ட் பாரு."

அத்தை கண்ணைத் திறந்தார். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையைத் திருப்பி ஜன்னலையும் பக்கத்துக் கண்ணாடியையும் பார்த்தார். குரல் கம்மியிருந்தாலும் தெளிவாக இருந்தது.

"பைக்கு வருது, இருங்க. போய்ட்டான். இப்ப வாங்க. இன்னும் வாங்க. பஸ்ஸு தூரத்துல கீது, நீங்க வாங்க."

மாமா இண்டிகேட்டர் போட்டு, அத்தை சொல்லச் சொல்ல இடது பக்கம் வந்தார். இன்னும் ஒரு கியர் குறைத்தார். பாலம் முடிந்து ரோடு சமமானதும் ஹேண்ட் பிரேக்கை, ஒரேயடியாக இழுக்காமல், பட்டனை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். சடாரென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும் என்று அவர் முன்பு சொன்னது எனக்குத் தெரியும். மூடிய ஒரு கடையின் முன்னால் நடைபாதைக் கல்லை உரசிக்கொண்டு வண்டி நின்றது.

அத்தை மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

நான் பின் சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னாலேயே விழித்துக்கொண்டு நான் இருக்கும்போது, அவர் ஏன் என்னைக் கேட்காமல், நினைவில்லாமல் தூங்கிய நோயாளியை எழுப்பினார் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. அப்புறம் காலையில் அத்தை பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஆட்டோ, இளநீர் வண்டி, பைக், கிழவி. எல்லாமே ரோட்டின் இடது பக்கம் இருந்தவை.

இறங்கிப் பார்த்தபோது முன் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. பக்கத்து டீக்கடையிலிருந்து ஒருவர் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். மாமா கையைக் காட்டித் தடுத்தார். சூட்டில் தண்ணீர் பட்டால் தட்டு கோணிவிடும், தானாக ஆறட்டும் என்று அவருக்குச் சொல்லிப் புரிய வைத்தார். டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் வந்து, இன்னும் சைடுக்கு ஹாக்ரி, ஓரமாகப் போடுங்கள் என்று கன்னடத்தில் அதட்டிவிட்டு, முன் சீட்டில் அத்தையைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுகோடி அங்கிருந்து பக்கம்தான். போன் செய்ததும் மெக்கானிக் ஸ்கூட்டரில் வந்தார். அதற்குள் சூடு தணிந்து, பெடல் மறுபடி பழையபடி மேலே வந்திருந்தது. இப்போது நன்றாகத்தானே இருக்கிறது, மெதுவாக வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடலாமா என்று நான்தான் கேட்டேன். மெக்கானிக் வேண்டாம் என்றார். பிரேக் ஆயில் பழசாகி ஈரம் சேர்ந்திருக்கிறது, சூட்டில் அது கொதித்துவிட்டது, இப்போது பிடிக்கும், அடுத்த இறக்கத்தில் பிடிக்காது என்றார். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய ஆயிலை நாங்கள் மாற்றவே இல்லை. போன தடவை பேடு போட்டபோது தானும் அதைப் பார்க்கவில்லை என்று அவரே சொன்னார். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போக ஆள் வரச் சொன்னார். மாமா வண்டியோடு இருந்துவிட்டார். நான் அத்தையை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஆட்டோவில் அத்தை என் தோளில் சாய்ந்துகொண்டார். எப்போதிலிருந்து அத்தை என்று மட்டும் கேட்டேன். எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

மழைக்கு முன்னாலிருந்தே என்றார். மாமாவுக்குக் கண்ணில் பிரஷர் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இடது பக்கம் பார்வை மங்கிக்கொண்டே போனது இவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். நேராகப் பார்ப்பதெல்லாம் தெரிகிறது, இடது ஓரத்தில் வருகிற ஆள் மட்டும் திடீரென்று முளைத்தது போல முன்னால் வந்து நிற்கிறான் என்று ஒரு நாள் மாமா சொன்னாராம். அன்றிலிருந்து அத்தை பார்த்துச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். வரும்போது அவரால் முடிவதில்லை. கண் தானாக மூடிக்கொள்கிறது. அப்போதெல்லாம் மாமா காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு, எந்த நிமிஷமும் நிற்கத் தயாராக, வீடு வரைக்கும் ஊர்ந்து வந்திருக்கிறார். கால் வீங்குகிறது என்று ராத்திரியில் தைலம் தேய்த்துக்கொண்டது அதனால்தான்.

எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தை என்றேன்.

"சொன்னா வண்டிய நிறுத்திடுவீங்க. அப்புறம் என்ன யாரு கூட்டினு போறது? அவன் மெட்ராஸ்ல. உனக்கு இருக்கற வேலையில நீ உட்காந்து சாப்ட்றதே இல்ல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ரோட்டில் போகிற யார் மீதாவது ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவும் கேட்டேன், ஆனால் குரலில் கோபம் இல்லை. நான் சாப்பிடுவதை அவர் கவனித்திருக்கிறார் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை கணவர் வந்தார். அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று நாங்கள் சமையலறையில் மெல்லிய குரலில் வெகுநேரம் பேசினோம். பேசத் தேவையே இருக்கவில்லை. மறுநாள் காலையில் மாமா கார் சாவியைக் கொண்டு வந்து, காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வைத்தார்.

"நாலு மாசமா பயந்துனே ஓட்னம்மா. போதும்."

கண் டாக்டர் பரிசோதித்துப் பார்த்து, போன பார்வை திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்றார். மாமா தலையாட்டினார். திரும்பி வரும் வழியில் எனக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பின் நான் ஓட்டினேன். எனக்கு லைசென்ஸ் இருந்தது, பழக்கம்தான் விட்டுப் போயிருந்தது. ஆபீஸில் கெஞ்சி வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வரவும், மதியம் வெளியே போகவும் அனுமதி வாங்கினேன். காலையில் அவர்களைக் கொண்டு விட்டு, ஆபீஸ் போய், மதியம் வெயிலில் மறுபடி ஓடி வந்து, வீட்டில் விட்டுவிட்டு, மிச்ச வேலையைச் சாயங்காலம் லேப்டாப்பில் முடிப்பேன். சிக்னலில் நிற்கும்போது கண் சொருகும். ஒரு நாள் பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். பிரேக் இப்போது சரியாக இருந்தது, ஓட்டுகிறவளுக்குத்தான் பிடிமானம் விட்டுப் போயிருந்தது.

அவர்கள் இரண்டு பேரும் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். வாய் திறக்கவே மாட்டார்கள். மாமா வலது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அத்தை மடியில் கையைக் கோத்துக்கொண்டு இருப்பார். நான் ஓட்டுவது பிடிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் மதியம் ஆஸ்பத்திரியில் அவர்களைத் தேடிக்கொண்டு போனபோது, லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை எதையோ சொல்ல, மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒன்றும் ரகசியம் இல்லை. மகனும் மருமகளும் உள்ள இரண்டறை வீட்டில் அடங்கியே பேசிப் பழகியவர்களுக்கு, நான் இல்லாத பகலிலும் அங்கே வாய் திறக்க வராது போல. அவர்கள் மனம்விட்டுப் பேச அந்தக் கார்தான் இருந்தது. அதிலும் இப்போது முன்னால் நான்.

அடுத்த வாரம் முதல் போக வர இரண்டுக்குமே வாடகை கார் ஏற்பாடு செய்தேன். அலைச்சலைக் குறைக்கத்தான் என்று கணவரிடம் சொன்னேன். அதுவும் உண்மைதான். மாமாவுக்கு ஆப்பில் வண்டி கூப்பிடக் கற்றுக்கொள்ள வெகுநாள் ஆயிற்று. நடுவில் ஒரு தடவை வண்டி வராமல் வெயிலில் நின்றார்கள். ஒரு டிரைவர் ஏசி போட மாட்டேன் என்று சண்டை போட்டார். ஆனாலும் வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது, அத்தை தூங்காத நாட்களில், பேச்சின் நடுவிலேயே இறங்குவார்கள். கதவைச் சாத்திவிட்டு மிச்சத்தைப் படிக்கட்டில் பேசிக்கொண்டு வருவார்கள்.

எங்கள் கார் இப்போது தெருவில் பெரும்பாலும் நிற்கிறது. நிற்கிற வண்டிக்கும் பிரேக் கெடும் என்பதால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வைப்பதில்லை. போட்டபடி நாள்கணக்கில் விட்டால், மழையில் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில், எல்லோரும் எழுந்திருக்கும் முன், நான் அந்தக் கல்லை எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்புகிறேன். முதல் இரண்டு மூன்று தடவை பிரேக் போடும்போது துரு சுரண்டுகிற சத்தம் கேட்கும். அப்புறம் அடங்கிவிடும். அல்சூர் ஏரியைச் சுற்றி ஒரு வட்டம். இரண்டு பக்கக் கதவுக் கண்ணாடியையும் இறக்கி விடுவேன். பக்கத்தில் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை, போய்ச் சேர வேண்டிய இடமும் இல்லை. சில வாரங்களில் ஏரிக்கரையில் நிறுத்தி, சீட்டைச் சாய்த்துக்கொண்டு கொஞ்சம் தூங்கிவிட்டு வருகிறேன்.